கால் எட்டாத தூரம்

சென்ற மாரியில் ஒருநாள் இரவு மச்சான் சுவிஸிலிருந்து கூப்பிட்டான். பேர்ண் பக்கத்தில் ஒரு குதிரை லாயத்தில் அவனுக்கு வேலை. லத்தி அள்ளுவது, வைக்கோல் போடுவது, காலையில் குதிரைகளைப் புல்வெளிக்குக் கொண்டுபோய் விட்டு மாலையில் திருப்பிக் கொண்டுவருவது என்று பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது முதலாளியம்மா புதிதாக ஒரு பொறுப்பைத் தலையில் கட்டியிருக்கிறாவாம். அவ குதிரையேறிக் காட்டுப் பாதையில் போகும்போது கூடவே ஓடிவர ஒரு நாயைப் பழக்க வேண்டும்.

"மாமாட்டக் கேட்டுச் சொல்லு மச்சான். பட்டியோட நாய் கொண்டு திரிஞ்ச மனிசன் அவர்தானே."

கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டேன். அப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குதிரையைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அது பின்னால உதைக்குமோ, பக்கத்தால உதைக்குமோ?"

"பின்னாலதான் மாமா. நேர பின்னால."

"அப்ப மாட்டை விடச் சுகம்."

அன்றிரவு நித்திரை வரவில்லை. நாய்க்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டால் எவரும் 'இரு', 'வா', 'விடு' என்று தொடங்குவார்கள். அப்பா உதையின் திசையைக் கேட்டார்.

எங்கள் ஊர் அடம்பன். மன்னார்ப் பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊர்களில் ஒன்று. அடம்பன் என்பது கடற்கரை மணலில் படரும் கொடியின் பெயர். ஆட்டுக் குளம்பு போல இலை, ஊதாப் பூ. ஊரோ வயலுக்கு நடுவே இருக்கிறது. திரண்டால் மிடுக்கு என்று பழமொழி வாங்கிய கொடி என்பதால் பெயரைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. மாடு உண்டு, ஆடு உண்டு, கடல் பக்கம் போனால் கழுதை உண்டு. குதிரை இல்லை. நான் குதிரையை முதலில் பார்த்தது கோயில் வாகனமாகத்தான்.

ஆனால் இந்தக் கரைக்குக் குதிரை புதிதல்ல. சைக்கிளில் போய்வரும் தூரத்தில் திருக்கேதீச்சரம் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் பழைய மாதோட்டத் துறைமுகம் இருந்தது. மகாவம்சம் ஒரு கதை சொல்கிறது. குதிரை கொண்டுவந்த கப்பல் வணிகன் ஒருவனின் மக்கள், சேனன், குத்திகன் என்ற தமிழர் இருவர், அனுராதபுரத்தைப் பிடித்து 22 ஆண்டுகள் நீதியாக ஆண்டார்கள் என்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கதை. அனுராதபுரத்துக்குக் கடல் வாசலாக இருந்தது மாதோட்டம். தெற்கே அரிப்பைத் தாண்டினால் கடலுக்குள் நீட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஒரு முனை நிற்கிறது. அதற்குப் பெயர் குதிரைமலை. வடக்கே நெடுந்தீவில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள் இன்றைக்கும் ஏறுவாரில்லாமல் மேய்கின்றன. எதிர்க்கரையில் பாண்டி நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வந்திறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போனதையும் 13ஆம் நூற்றாண்டின் முடிவில் மார்க்கோ போலோ பார்த்து எழுதியிருக்கிறார். இறைச்சியைச் சோற்றோடு அவித்துக் குதிரைக்குக் கொடுத்தார்களாம். நாய்க்குச் சோறு வைக்கிற பழக்கத்தில் குதிரைக்கும் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

குதிரையும் நாயும் சேர்ந்து போகிற காட்சி எங்களுக்குச் சுவிஸிலிருந்து வர வேண்டியதில்லை. ஐயனார் இருக்கிறார். தமிழ்நாட்டில் ஊரெல்லையில் மண் குதிரைகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். சில கோயில்களில் அவற்றின் காலடியில் மண் நாயும் இருக்கும். இரவில் அவர் குதிரையேறி எல்லையைச் சுற்றுவார், பரிவாரமும் கூடப் போகும் என்பது நம்பிக்கை. வன்னியில் அவர் குளக்கட்டுத் தெய்வம். கட்டுக்கரையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பரமு புஷ்பரட்ணம் நடத்திய அகழாய்வில் ஐயனார் வழிபாட்டோடு தொடர்புடைய சுடுமண் உருவங்கள் கிடைத்தன. அப்பா மாடு மேய்த்த குளம் அது.

சரி, உதைக்கு வருவோம்.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. ஏறக்குறைய சுற்றிவர எல்லாம் தெரியும். வாலுக்கு நேர்பின்னாலும் நெற்றிக்கு நேர்முன்னாலும் மட்டும் தெரியாது. வேட்டையாடப்பட்டு வந்த சாதி அது. தெரியாத இடத்திலிருந்து சத்தம் வந்தால் முதலில் உதைக்கும், பிறகுதான் யாரென்று பார்க்கும். நாய்க்கோ பின்னால் ஓடுவதுதான் பிறவிக் குணம். ஓடுகிற காலைக் கண்டால் கடிக்கத் தோன்றும். ஆக இரண்டும் தன் தன் குணப்படி நடந்தால் நாய்க்கு மண்டை உடையும், மேலே இருப்பவர் கீழே விழுவார். மாடு இன்னும் மோசம். அது காலை முன்னுக்கு எடுத்து, பக்கவாட்டில் அரைவட்டமாகச் சுழற்றி வீசும். பால் கறந்தவர்களுக்குத் தெரியும்.

கழுதையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. மன்னார்த் தீவின் தெருக்களில் நிற்கும் கழுதைகள், அராபிய வணிகர் கொண்டுவந்து விட்டவை என்பார்கள். இப்போது அவற்றிடம் யாரும் வேலை வாங்குவதில்லை. பார்க்கச் சாது, ஆனால் நாயைக் கண்டால் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு துரத்தும். நரியும் காட்டுநாயும் வராமல் காக்க ஆட்டு மந்தைக்குள் கழுதையை விட்டு வளர்க்கும் நாடுகள் உண்டு. கழுதையோடு நாயைப் பழக்கிவிட்டால் உலகத்தில் எதோடும் பழக்கிவிடலாம் என்று அப்பா சொல்வார். அவர் அதற்கு முயன்றதில்லை.

அவர் பழக்கியது ஜிம்மியை. எனக்கு அப்போது பதினைந்து வயது. ஐந்து மாதக் குட்டி; செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். அப்பா ஒரு கயிற்றின் ஒரு முனையை அதன் கழுத்தில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சாரத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டு மாடுகளோடு நடந்தார். அதட்டலில்லை, ஏவலில்லை. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அதன் உலகம். அப்பா மாட்டிலிருந்து எவ்வளவு எட்டத்தில் நடந்தாரோ, அது அதற்குப் பின்னால்தான் வர முடிந்தது. ஒரு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் குளத்து அலைகரையில், ஈரக்களியில், அப்பா கேட்டிக்கம்பால் ஒரு கோடு கீறினார். சிவலைப் பசு நின்ற இடத்தைச் சுற்றி அரைவட்டம்.

"இதுக்குள்ள போனால் அடி. இதுக்கு வெளியில நிண்டால் அவளுக்கும் உன்னைத் தெரியும், உனக்கும் அவளைத் தெரியும்."

நாய்க்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா என்று தெரியாது. நாய் கோட்டை மோந்து பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போய் அன்றைக்கே ஒரு உதை வாங்கியது. விலாவில் பட்டது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அதற்குப் பிறகு அது அந்த அரைவட்டத்தை எங்கே போனாலும் கூடக் கொண்டுபோனது. மாடு திரும்பினால் வட்டமும் திரும்பும். மாடு ஓடினால் வட்டம் நீளும். யாரும் கீறாத கோட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது.

நீலகிரியில், உதகை வென்லாக் புல்வெளியில், வெள்ளைக்கார அதிகாரிகள் குதிரையேறி நாய்க்கூட்டத்தோடு நரி வேட்டையாடினார்கள். நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களை வைத்து மரை துரத்தினார். 1853இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். படித்தால் விறுவிறுப்புத்தான். ஆனால் அந்த நாய்கள் வேறு பள்ளிக்கூடம். அவற்றுக்குக் குறி முன்னால் இருக்கிறது. குதிரை பின்னால் வரும் வாகனம். எனக்குப் பிடித்தது டால்மேஷன் நாய்களின் கதை. பழைய இங்கிலாந்தில் புள்ளிபோட்ட அந்த நாய்கள் குதிரை வண்டியோடு பக்கத்திலும் அச்சுக்கு அடியிலும் ஓடி, இரவில் லாயத்தில் அந்தக் குதிரைகளோடேயே படுத்தன. ஒன்றையும் துரத்தவில்லை, ஒன்றையும் பிடிக்கவில்லை. கூடப் போவதுதான் அவற்றின் வேலை.

கூடப் போவது சின்ன வேலை போலத் தெரியும். துரத்துகிறவனுக்கு இலக்கைப் பார்த்தால் போதும். பின்தொடர்கிறவனுக்கு முதுகைப் பார்த்தால் போதும். கூடப் போகிறவன் பாதையைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் வருவதன் காலைப் பார்க்க வேண்டும், தன்னை அது பார்க்கக்கூடிய இடத்தில் தான் இருக்கிறானா என்றும் பார்க்க வேண்டும். கிட்டப் போனால் உதை, எட்டப் போனால் தொலைவு. அப்பாவும் அம்மாவும் நாற்பது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அம்மா அகப்பையைக் காட்டினாள்.

மச்சான் கிழமைக்கு ஒருமுறை நடப்பைச் சொல்வான். அங்கே வந்து பழக்கும் பெண் முதலில் நாயைத் தொடவேயில்லையாம். குதிரையைப் பழக்கினாளாம். நாயை வேலிக்கு அந்தப் பக்கம் இருத்திவிட்டு, குதிரையை இந்தப் பக்கம் பிடித்து நடத்தி, நாய் எழும்பும், குரைக்கும், உடம்பை உதறும், இது இப்படித்தான் என்று அதற்குப் பல நாள் காட்டினாளாம். பிறகு இரண்டையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவள் நடுவில் நடந்தாள். குதிரையில் ஏறவே ஒன்றரை மாதம் ஆனது. ஏறிய பிறகும் நடைதான், ஓட்டமில்லை. குட்டி நாயை நெடுந்தூரம் ஓட விடக்கூடாது, ஒரு வயதாவது ஆக வேண்டும், எலும்பின் மூட்டு முற்ற வேண்டும் என்றாளாம்.

"மேல இருக்கிற ஆளுக்கு நாய் களைச்சது தெரியாது மச்சான். குதிரை களைச்சால் கீழ தெரியும். நாய் களைச்சால் திரும்பிப் பாத்தால்தான் தெரியும். அதால முதலாளியம்மாவுக்குத் திரும்பிப் பாக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறம்."

இதை அப்பாவிடம் சொன்னபோது தலையாட்டினார். எங்கள் வெயிலில் இது இன்னும் பெரிய விசயம். மனிதனுக்கும் குதிரைக்கும் உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் வேர்வை. சூட்டை நாக்கால்தான் வெளியே தள்ள வேண்டும். அதனால் மூவரில் முதலில் விழுவது நாய். கடைசிவரை விழாத மாதிரி ஓடுவதும் அதுதான். சிறுபோகத்துக் காலத்தில் அப்பா விடிய முன்பே பட்டியைத் திறப்பார். பத்து மணிக்குப் பிறகு நடக்க வேண்டி வந்தால் புறங்கையை மண்ணில் வைத்துப் பார்ப்பார். தன் கை பொறுக்கவில்லை என்றால் ஜிம்மியின் காலும் பொறுக்காது. மருத மரத்தடியில் எல்லாரும் படுக்க வேண்டியதுதான், மாடுகள் உட்பட.

இத்தனையிலும் அப்பா வாய்விட்டுக் கற்றுக்கொடுத்த சொல் ஒன்றே ஒன்று. நில்.

தெருவைக் கடக்கும்போது, வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடும்போது, கன்று போட்ட பசுவுக்குக் கிட்ட அவர் மட்டும் போக வேண்டியிருக்கும்போது அந்தச் சொல் வேண்டும். பழக்கிய விதம் இப்படி. நாயை வரம்பில் நிறுத்தி, "நில்" என்று சொல்லிவிட்டு நாலடி போவார். திரும்பி வந்து தலையைத் தொடுவார். பிறகு பத்தடி. பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பிறகு குளக்கட்டுக்குப் பின்னால், கண்ணுக்கு மறைவாக. எத்தனை தரமென்றாலும் அவர்தான் நாயிடம் திரும்பி வந்தார். ஒருநாளும் தூரத்தில் நின்றுகொண்டு அதைக் கூப்பிட்டதில்லை. நேரமாகுதே, இங்கிருந்து கூப்பிட்டால் ஓடி வருமே என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"கூப்பிட்டால் அது எந்த நேரமும் கூப்பிடுவன் கூப்பிடுவன் எண்டு துடிச்சுக்கொண்டு நிக்கும். நான் வருவன் எண்டு தெரிஞ்சால் ஆறுதலா நிக்கும்."

பேர்ணில் அந்தப் பெண்ணும் இதையே சொன்னாள் என்று மச்சான் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2008இல் சண்டை எங்கள் வயலுக்கு வந்தது. சித்திரை முடிந்து வைகாசி பிறக்கவிருந்த நாட்கள். மாடுகளை அவிழ்த்துவிட்டோம். லாண்ட்மாஸ்டர் பெட்டியில் நெல் மூட்டை, தகரம், அம்மாவின் தையல் மெசின், அதன் மேல் அம்மாவும் தங்கச்சியும். அப்பா பக்கத்தில் நடந்தார். ஜிம்மி பெட்டியின் வலப்பக்கத்தில், சில்லிலிருந்து சரியாக அந்த அரைவட்டத் தூரம் விட்டு, அப்பாவின் கண்ணில் படும் இடத்தில் ஓடி வந்தது. சில்லு உதைக்காது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

வழியில் ஒரு மதகு. அதில் எல்லாப் பாதையும் வந்து ஒன்றாகி, ட்ரக்டரும் சைக்கிளும் மனிதர்களும் நெரிந்து ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாய் காலுக்குள் சிக்கி நசிந்துவிடும். பெட்டியில் ஏற்ற இடமில்லை. சாமானை அடுத்த ஊரில் இறக்கிவிட்டு, பொழுதுபட முன்னம் வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று அப்பா நினைத்தார். அன்றைக்கு எல்லாரும் அப்படி எதையாவது நினைத்துக்கொண்டுதான் போனார்கள். மதகுக்கட்டின் ஓரத்தில் அதை நிறுத்தி, "நில்" என்றார்.

நின்றது. குரைக்கவில்லை, எழும்பவில்லை. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு காது நிமிர்ந்து, மற்றது மடிந்து.

பொழுதுபட முன்னம் பாதை மூடிவிட்டது.

அங்கிருந்து எங்கெங்கோ போய், செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குப் போக முதல் அப்பா அந்த மதகில் இறங்கினார். அங்கே எருக்கலை முளைத்திருந்தது. யாரிடம் விசாரிப்பது? அந்த நாட்களில் பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இருந்திருக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, நாலடி நடந்து போய்த் திரும்பி வந்தார். என்ன செய்கிறார் என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மாட்டுக்காக நடந்த சண்டையில் இறந்த வீரன், அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துவிட்டு அது காத்து நின்றதாகக் கல்லில் எழுத்து இருக்கிறது. நாயின் நன்றிக்குச் சான்று என்று எல்லாரும் அந்தக் கல்லைக் காட்டுவார்கள். எனக்கு வேறொன்று படுகிறது. அந்த நாய்க்குப் பெயர் என்னவென்று தெரிந்த யாரோ அந்த இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

நாய் பணிந்தது, நாய் பழகிவிட்டது என்று நாம் சொல்கிறோமே, அது நாம் காப்பாற்றிய வாக்குகளின் தொகை. நாலடியில் ஒரு வாக்கு, பத்தடியில் ஒரு வாக்கு, குளக்கட்டுக்குப் பின்னால் ஒரு வாக்கு. நில் என்பது பாதி வசனம். வருவேன் என்ற மறுபாதியை எவரும் வாயால் சொல்வதில்லை. திரும்பி நடந்துதான் சொல்ல முடியும். பழக்குகிறவன் நாயைக் கட்டுகிறான் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தரமும் திரும்பி வந்து தலையைத் தொடும்போது தன்னைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறான். நன்றாகப் பழகாத நாய்கள் அன்றைக்குக் கூட்டத்துக்குள் நுழைந்து, உதை வாங்கி, வண்டிகளுக்குப் பின்னால் ஓடி வந்தன. அவற்றில் சிலவற்றை முகாம் வேலி வரைக்கும் பார்த்தேன். எங்கள் நாய் மிக நன்றாகப் பழகியிருந்தது.

இப்போது பட்டியில் பதினொரு உருப்படி. கூடப் போக ஒரு கறுப்பு நாய் இருக்கிறது. அதையும் அப்பா கயிற்றில்தான் பழக்கினார். அரைவட்டமும் அதற்குத் தெரியும். ஒரு சொல்லை மட்டும் அவர் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வேறு யாரும் சொல்லவும் விடுவதில்லை. ஒருமுறை தங்கச்சியின் மகன் விளையாட்டுக்கு "நில்" என்று கத்தியபோது அவனை அதட்டிவிட்டார்.

போன கிழமை மச்சான் கூப்பிட்டான். எல்லாம் சரி வந்துவிட்டதாம். நாய் குதிரையின் கண்ணில் படும் பக்கத்திலேயே ஓடுகிறது, மான் குறுக்கே போனாலும் துரத்துவதில்லை. ஒரே ஒரு குறை. பாதை ரோட்டைச் சந்திக்கும் இடத்தில் எவ்வளவு சொல்லியும் சில நேரம் நிற்காதாம். மாமா என்ன செய்வார் என்று கேட்டான்.

"குதிரையை நிப்பாட்டச் சொல்லு" என்றார் அப்பா.

அடுத்தநாள் விடிய அவருக்குப் பின்னால் சைக்கிளில் போனேன். மாடுகள் தெருவை நெருங்கின. பஸ் ஒன்று லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. அப்பா வாய் திறக்கவில்லை. கேட்டிக்கம்பை மண்ணில் ஊன்றி, நடையை விட்டார். பக்கத்தில் வந்த கறுப்பு நாய் அவர் காலைப் பார்த்துவிட்டு, தூக்கிய முன்காலைக் கீழே வைக்காமல் நின்றது.